கிரேஸ்லேண்ட்: ஜோகன்னஸ்பர்க் தாளத்தில் ஒரு நியூயார்க்காரரின் புலம்பல்

அமெரிக்கப் பாடகர் பால் சைமனின் 'கிரேஸ்லேண்ட்' ஆல்பத்தைப் புதிதாகக் கேட்கிறவர்களின் காது முதலில் கிட்டாரைத்தான் பிடித்துக்கொள்ளும். பளபளவென்று இருக்கும், காலைத் தானாக ஆட்டவைக்கும். ஆனால் இது கீழிருந்து மேலே கேட்க வேண்டிய ஆல்பம். கீழே இருப்பது தென்னாப்பிரிக்கரான பக்கிதி குமாலோவின் ஃப்ரெட் (கழுத்தில் சுரங்களைப் பிரிக்கும் குறுக்குக் கம்பி) இல்லாத பேஸ் கிட்டார். ஃப்ரெட் இல்லாததால் ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு அவர் விரல் தாவாமல் நழுவிப் போகும், வயலினில் ஜாரு விழுவது போல. பேஸ் என்றாலே தாளத்துக்குத் துணைநின்று 'தும் தும்' என்று போவது என்று பழகிய காதுக்கு இது கொஞ்சம் விசித்திரமாக இருக்கும். பாதிப் பாடல்களில் பாடகருக்கு அடுத்தபடி பேசுவது அந்தக் கருவிதான். இதை ஃபோன் ஸ்பீக்கரில் கேட்பது வீண். பேஸின் கடைசித் தந்தி 41 ஹெர்ட்ஸை ஒட்டி ஒலிப்பது. அந்தச் சின்ன ஸ்பீக்கரால் அதில் கால்வாசியைக்கூடக் கொடுக்க முடியாது. சுமாரான ஹெட்ஃபோன் போதும், ஆனால் அது கட்டாயம் வேண்டும்.

1986 ஆகஸ்ட் 25 அன்று வார்னர் பிரதர்ஸ் வெளியிட்டது. 11 பாடல்கள், 43 நிமிடம். அப்போது சைமனுக்கு வயது 44. அதற்கு முந்தைய ஆல்பமான 'ஹார்ட்ஸ் அண்ட் போன்ஸ்' (1983) விற்கவில்லை. நடிகை கேரி ஃபிஷருடனான திருமணமும் முறிந்திருந்தது. அந்த நேரத்தில் கையில் வந்து சேர்ந்தது ஒரு கேசட். தென்னாப்பிரிக்காவின் கறுப்பர் குடியிருப்புகளில் ஒலித்த அக்கார்டியன் நடன இசை; ம்பகாங்கா என்ற வகை. மூன்று கார்டு (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டு), விடாத துள்ளல். சைமனுக்கு அது ஐம்பதுகளின் அமெரிக்க ராக் அண்ட் ரோலை நினைவூட்டியது. அந்த வாத்தியக்காரர்களைத் தேடி 1985 பிப்ரவரியில், தன் நெடுநாள் ஒலிப்பதிவாளர் ராய் ஹாலியோடு ஜோகன்னஸ்பர்க் போனார். ஒவேஷன் ஸ்டுடியோவில் சுமார் இரண்டு வாரம் பதிவு நடந்தது.

ஆல்பம் செய்யப்பட்ட முறை தெரிந்தால்தான் வரிகள் ஏன் இப்படி இருக்கின்றன என்பது புரியும். போகும்போது சைமன் கையில் பாட்டே இல்லை. ஒரு குழுவை வாசிக்கச் சொல்வது, பிடித்த இடத்தில் நிறுத்தி அதையே திரும்பத் திரும்ப ஓட்டச் சொல்வது, எல்லாவற்றையும் டேப்பில் ஏற்றுவது. அவ்வளவுதான். பிறகு அந்த டேப்புகள் நியூயார்க்கின் ஹிட் ஃபேக்டரி ஸ்டுடியோவுக்கு வந்தன. அங்கே ஹாலி வெட்டியும் ஒட்டியும் அவற்றைப் பாடலின் நீளத்துக்கும் வடிவத்துக்கும் கொண்டுவந்தார். டிஜிட்டலில் வெட்டி ஒட்டும் வசதி இல்லாமல் இந்த வேலை முடிந்திருக்காது என்று ஹாலியே பின்னர் சொல்லியிருக்கிறார்.

நம்மூர்ச் சினிமாவில் மெட்டுக்குப் பாட்டு எழுதுவது பழகிப்போன விஷயம். இங்கே மெட்டுகூட இல்லை. தாளமும் பேஸும் கிட்டாரும் மட்டும் முடிந்த நிலையில் இருக்கின்றன. அதன் மேல் மெட்டையும் சொல்லையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். முதலில் சைமன் தனக்குப் பழகிய நாலு வரிச் சதுரத்தில் எழுதிப் பார்த்தார், உட்காரவில்லை. ஒரே மாதிரி ஓடுவதாகத் தோன்றும் கிட்டார், கூர்ந்து கேட்டால் ஒவ்வொரு சுற்றிலும் லேசாக மாறுகிறது. நாம் சரணத்தின் தொடக்கம் என்று நினைக்கும் இடம் வாசிப்பவருக்குத் தொடக்கமாக இருப்பதில்லை. அதனால்தான் இந்த ஆல்பத்தில் வரிகள் பேச்சு போலக் கோணல்மாணலாக வந்து விழுகின்றன. ஒரு வரி நீளம், அடுத்தது மூன்று சொல், நடுவில் ஒரு தயக்கம். இது பாணிக்காகச் செய்தது அல்ல, ட்ராக்கின் வளைவுக்குள் உடம்பைக் குறுக்கி நுழைந்ததன் அடையாளம்.

தலைப்புப் பாடலே இதற்கு நல்ல சாட்சி. ட்ராக்கைக் கேட்டுக்கொண்டு வாய்க்கு வந்ததை முனகியபோது 'கிரேஸ்லேண்ட்' என்ற சொல் ஒட்டிக்கொண்டது. அது மெம்ஃபிஸ் நகரில் எல்விஸ் பிரெஸ்லி வாழ்ந்த வீடு. ஆப்பிரிக்கத் தாளத்துக்கும் எல்விஸ் வீட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று சைமன் அதைத் தள்ளப் பார்த்தார், அது போகவில்லை. கடைசியில் மெம்ஃபிஸுக்கே ஒரு பயணம் போய்விட்டு வந்து எழுதி முடித்தார். பாட்டில் ஒருவன் மிசிசிப்பி டெல்டா வழியாகக் காரில் போகிறான், கூட முதல் திருமணத்தில் பிறந்த ஒன்பது வயது மகன். அவனை விட்டுப் போனவள் திரும்பி வந்து, தான் போய்விட்ட செய்தியை அவனுக்கே சொல்கிறாள். அவனுக்கு அது தெரியாதாம். இந்த இடத்தை வேறு யார் எழுதியிருந்தாலும் அழுதிருப்பார்கள். சைமன் கிண்டலாக ஒரு முறை கழுத்தைத் திருப்பிவிட்டு, நேரே அடுத்த வரியில் காதலை இழப்பது நெஞ்சில் ஒரு ஜன்னல் திறந்துகிடப்பது போல, ஊரே உள்ளே எட்டிப்பார்க்கும் என்கிறார். கிண்டலும் காயமும் ஒரே மூச்சில் வருகின்றன, குரல் இம்மியும் உயரவில்லை.

இசையிலும் இதே பாட்டில்தான் இரண்டு ஊர்கள் நெருக்கமாகக் கைகோக்கின்றன. கிட்டார் வாசித்தவர் ஸ்டிமெலா குழுவின் ரே ஃபிரி. ஈ மேஜரில் போகும் பாட்டில் சோகச் சாயலுள்ள சி ஷார்ப் மைனர் கார்டு ஒன்று வந்து நிற்கும். அந்த நாளைய தென்னாப்பிரிக்க நடன இசையில் மைனர் கார்டு அபூர்வம். சைமனின் பழைய பாடல்களில் அப்படி வருகிறதே என்று ஃபிரி அதைப் போட்டார். விருந்தாளியின் கார்டை வீட்டுக்காரர் வாசித்துக் காட்டியிருக்கிறார்! அதன் மேல் நைஜீரியரான டெமோலா அடேபோஜுவின் பெடல் ஸ்டீல் கிட்டார். பின்குரல் கொடுப்பவர்கள் எவர்லி சகோதரர்கள். சைமன் சிறுவயதில் யாரைப் பார்த்து இரட்டைக் குரலில் பாடக் கற்றாரோ, அவர்கள். அமெரிக்கக் கன்ட்ரி இசையும் ஜோகன்னஸ்பர்க் நடன இசையும் எங்கே பிரிகின்றன என்று இந்தப் பாட்டில் கோடு போட முடியாது.

முதல் பாடலான 'தி பாய் இன் தி பபுள்' வேறு நிறம். லெசோத்தோவைச் சேர்ந்த ஃபொரேரே மொட்லொஹெலோவாவின் அக்கார்டியன் தனியாகத் தொடங்கும், பிறகு டிரம்ஸ் இடி மாதிரி விழும். அந்த டிரம்ஸின் ஒலி இன்று கொஞ்சம் பழசாகத் தெரிகிறது. எண்பதுகளுக்கே உரிய அந்த முரட்டு எதிரொலி. ஆனால் வரிகள் பழசாகவில்லை. குழந்தை வண்டியில் ரேடியோவோடு இணைத்து வைத்த குண்டு, நோய் எதிர்ப்புச் சக்தி இல்லாமல் பிளாஸ்டிக் கூட்டுக்குள் வளர்ந்த சிறுவன், குரங்கின் இதயம் பொருத்தப்பட்ட குழந்தை, எல்லோரையும் பார்க்கும் கேமரா. அன்றைய செய்தித்தாளில் அடுத்தடுத்த பத்திகளில் வந்தவைதான் இவை. பல்லவி இதை அற்புதங்களின் காலம் என்கிறது, அழாதே குழந்தாய் என்கிறது. பாராட்டா, பயமா? சைமன் சொல்லவில்லை. அக்கார்டியனின் அடிச்சுரம் மட்டும் இருட்டாகவே இருக்கிறது.

'யூ கேன் கால் மீ ஆல்' ஊரறிந்த பாட்டு. நகைச்சுவை நடிகர் செவி சேஸ் வாயசைத்த வீடியோவின் புண்ணியத்தில் அது வெறும் கேலிப் பாட்டாகவே பலர் மனதில் தங்கிவிட்டது. தலைப்பில் உள்ள பெயர் ஒரு விருந்தில் வந்தது: இசையமைப்பாளர் பியர் பூலெஸ், பாலை 'ஆல்' என்றும் அவர் முதல் மனைவி பெக்கியை 'பெட்டி' என்றும் அழைத்துவிட்டுப் போனார். பாட்டின் முதல் இரண்டு சரணங்களும் தொப்பை விழுந்த நடுவயதுக்காரனின் சுயபுலம்பல். மனைவி எங்கே, குடும்பம் எங்கே, எனக்கு ஏன் கவனமே நிற்பதில்லை என்று. மூன்றாவது சரணத்தில் அதே ஆள் ஊர் தெரியாத, மொழி தெரியாத, கையில் அந்த ஊர்ப் பணம் இல்லாத ஒரு சந்தையில் நிற்கிறான். மாடுகள், அநாதை விடுதிகள், கட்டடங்களில் சுற்றும் தேவதைகள். அதுவரை 'நான், நான்' என்றவன் முதல் தடவையாக வெளியே பார்க்கிறான். சைமன் தன் ஆப்பிரிக்கப் பயணத்தைப் பற்றி இந்த ஆல்பத்தில் எழுதியது இவ்வளவுதான். இது போதும்.

இதே பாட்டில் மூன்றே முக்கால் நிமிடத்தை ஒட்டி வரும் பேஸ் துணுக்கு, பேஸ் வாசிப்பவர்களுக்குப் பல ஆண்டாகத் தலைவலி. குமாலோ முதல் பாதியை மட்டும் வாசித்தார். அந்த டேப்பையே பின்னோக்கி ஓட்டி இரண்டாம் பாதியாக ஒட்டிவிட்டார்கள். ஆக முன்னிருந்து பின்னும் பின்னிருந்து முன்னும் ஒன்றே, நம் மாலைமாற்றுச் செய்யுள் மாதிரி. மேடையில் வாசிக்கிறவர்கள் சுரங்களைச் சரியாகப் பிடித்தாலும் ஒலி ஒத்துவராமல் போவதற்குக் காரணம் இதுதான். பின்னோக்கி ஓடும் டேப்பில் சுரம் மெல்ல எழுந்து, தந்தியைத் தட்டிய சத்தத்தில் முடியும். விரலால் அப்படி வாசிக்க வழியில்லை, ஏறக்குறைய நடிக்கத்தான் முடியும். நடுவில் வரும் சின்ன ஊதல் பென்னிவிசில். வாசித்தவர் நியூயார்க்கில் குடியேறிய தென்னாப்பிரிக்கர் மாரிஸ் கோல்ட்பர்க்.

'ஐ நோ வாட் ஐ நோ', 'கம்பூட்ஸ்' இரண்டும் சின்னப் பாடல்கள். முதலாவதில் ஜெனரல் எம். டி. ஷிரிண்டா குழுவின் ஷாங்கான் மக்களின் இசையும் காசா சிஸ்டர்ஸின் கூவலும் அட்டகாசம். அதன் மேல் வருவதோ மேல்தட்டு விருந்தில் இருவர் ஒருவரையொருவர் எடைபோட்டு அளக்கும் வெட்டிப் பேச்சு. பொருந்துகிறதா என்றால், இல்லை. பொருந்தாததுதான் சிரிப்பு. 'கம்பூட்ஸ்' அந்தக் கேசட்டின் நேர் வாரிசு, பொயோயோ பாய்ஸ் வாசித்த ட்ராக். சாக்ஸஃபோனுக்காகக் கேட்கலாம். வரிகள் துண்டு துண்டாக நிற்கின்றன, ஒட்டவில்லை.

லேடிஸ்மித் பிளாக் மம்பாசோ வரும் இரண்டு பாடல்களும்தான் ஆல்பத்தின் உச்சம். ஜோசஃப் ஷபலாலா தலைமையிலான ஜூலு ஆண்குரல் குழு, வாத்தியம் கிடையாது. ஊரைவிட்டு வேலைக்கு வந்த சுரங்கத் தொழிலாளர்களின் விடுதிகளில் வளர்ந்த இசிகாட்டமியா பாணி. அடிக்குரல்கள் அடுக்கடுக்காக மெத்தை போட, ஒற்றைக் குரல் மேலே முன்னும் பின்னும் நடக்கும். 'ஹோம்லெஸ்' பாடலை லண்டனின் ஆபி ரோடு ஸ்டுடியோவில் பதிவு செய்தார்கள். வீடிழந்து மலைச்சரிவில் படுத்துறங்குகிறவர்களின் பாட்டு. புயல் காற்று, பலர் சாவு என்று ஆங்கில வரிகள் நான்கைந்து தான். மீதி ஜூலு. கவனிக்க வேண்டியது அதன் கடைசிப் பகுதி. சோகம் ஓய்ந்ததும் குழு சட்டென்று தெம்பாகி, 'ஜெயித்தது நாங்கள்தான், இங்கிலாந்துக்குள்ளேயும் ஜெயித்தோம், லண்டனிலும் ஜெயித்தோம்' என்று ஜூலுவில் மார்தட்டுகிறது. குழுக்களுக்கிடையே நடக்கும் பாட்டுப் போட்டிகளின் வழக்கமான வீறாப்பு அது. மொழி தெரியாமல் கேட்கிறவர்கள் அதையும் ஒப்பாரி என்று நினைத்துக்கொண்டு உருகுகிறார்கள்.

'டைமண்ட்ஸ் ஆன் தி சோல்ஸ் ஆஃப் ஹர் ஷூஸ்' கடைசி நேரத்தில் சேர்ந்தது. 1986 மே மாதம் குழு ஒரு டிவி நிகழ்ச்சிக்காக நியூயார்க் வந்தபோது பதிவானது. முதல் ஒரு நிமிடம் குரல்கள் மட்டும். பிறகு ஃபிரியின் கிட்டார் ஒரு கதவைத் திறப்பது போல நுழையும், பின்னாலேயே பேஸ். தாள வாத்தியத்தில் செனகலின் யூசு ந்தூர். கதை: பணக்காரப் பெண், காலிப் பாக்கெட் பையன், கடைசியில் இருவரும் பிராட்வேயில் ஒரு வாசற்படியில் தூங்குகிறார்கள். வைரச் சுரங்கங்களின் நாட்டில் தொடங்கிய ஆல்பத்தில், சுரங்கங்களில் உழைத்தவர்களின் பாணியில் பாடும் குழுவோடு, காலணியின் அடியில் வைரம் என்று ஒரு பல்லவி. சைமன் இதை விளக்கவே மாட்டார். அப்படியே விட்டுவிட்டுப் பாட்டோடு போய்விடுகிறார்.

இந்த மௌனத்தைத்தான் அன்றைக்குப் பலர் குற்றம் சாட்டினார்கள். நிறவெறி ஆட்சியின் கொடுமை உச்சத்தில் இருந்தபோது அங்கே போய்ப் பதிவு செய்துவிட்டு, அதைப் பற்றி ஒரு வரி இல்லையே என்று. அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் சைமன் அங்கிருந்தவர்களின் வலியைத் தன் வாயால் பாடப் புறப்பட்டிருந்தால் ஆல்பம் என்னவாகியிருக்கும் என்பதற்கு உள்ளேயே ஒரு சாட்சி இருக்கிறது: 'அண்டர் ஆஃப்ரிக்கன் ஸ்கைஸ்'. அமெரிக்கப் பாடகி லிண்டா ரான்ஸ்டாட் சேர்ந்து பாடியது, குரல்கள் தேன். ஆனால் இரவைப் போல் கறுத்த முகம், நிலவு, தாளத்தின் வேர் என்று சுற்றுலாச் சுவரொட்டிக்கு ஆகும் சொற்கள். சைமன் ஆப்பிரிக்காவைப் பற்றி நேரடியாக எழுத முயன்ற இடம் இதுதான், ஆல்பத்தின் மிகத் தட்டையான வரிகளும் இவைதான். தன் விவாகரத்தையும் தன் தொப்பையையும் பற்றி எழுதும்போது அவர் பொய் சொல்வதில்லை.

அதற்காகப் போன விதத்தை நியாயப்படுத்த முடியாது. 1980-இல் ஐ.நா. பொதுச்சபை தென்னாப்பிரிக்காவைக் கலாசார ரீதியாகப் புறக்கணிக்கும்படி கோரியிருந்தது. நிறவெறியை எதிர்த்துப் போராடிய ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரஸிடம் பேசிவிட்டுப் போ என்று பாடகர் ஹாரி பெலஃபான்டே சொன்னதை சைமன் கேட்கவில்லை. மறுபக்கம், வாத்தியக்காரர்களுக்கு நியூயார்க் சங்கம் நிர்ணயித்த கூலியில் மூன்று மடங்கு கொடுத்தார். ஷபலாலா, மொட்லொஹெலோவா, ஷிரிண்டா ஆகியோரின் பெயர்கள் பாடலாசிரியர் வரிசையில் இருக்கின்றன, அதாவது ராயல்டி. எல்லா இடத்திலும் அப்படி நடக்கவில்லை. தலைப்புப் பாடலில் சைமன் பெயர் மட்டும்தான். கடைசிப் பாட்டான 'மித் ஆஃப் ஃபிங்கர்பிரிண்ட்ஸ்' விஷயத்தில், வாசித்த லாஸ் லோபோஸ் குழுவினர் தங்கள் இசைக்குப் பெயர் தரப்படவில்லை என்று வெளிப்படையாகவே குறை சொன்னார்கள். திட்டமின்றிக் கூடி வாசித்து டேப்பில் ஏற்றி, பிறகு பாட்டாக்கும் முறையில் இந்தச் சிக்கல் வந்தே தீரும். வாசித்துப் பார்த்தது எப்போது இசையமைப்பாக மாறியது என்பதை முன்கூட்டியே பேசி எழுதிக்கொள்ளாவிட்டால் பின்னால் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

அந்தக் கடைசிப் பாட்டும் அதற்கு முந்தைய 'தட் வாஸ் யுவர் மதர்' பாட்டும் தென்னாப்பிரிக்காவில் பதிவானவை அல்ல. ஒன்று லூசியானாவின் ஸைடெகோ நடன இசை, ராக்கின் டாப்ஸியின் குழுவோடு. இன்னொன்று கலிஃபோர்னியாவின் லாஸ் லோபோஸ். சேர்த்ததற்குக் காரணம் அக்கார்டியனும் சாக்ஸஃபோனும்: அந்த ஒலி அமெரிக்காவிலும் இருக்கிறது பார் என்று காட்டுவதற்காக. யோசனை சரி, கேட்கும்போது ஆல்பம் ஒரு படி இறங்குகிறது. காரணம் எளிது, குமாலோ இல்லை. ஆனாலும் 'தட் வாஸ் யுவர் மதர்' வரிகள் பொல்லாதவை. ஒரு அப்பா மகனிடம், நீ பிறப்பதற்கு முன் நான் எவ்வளவு ஜாலியாக இருந்தேன் தெரியுமா, நீதான் என் தலைமுறையின் சுமை, ஆனாலும் உன்மேல் பாசம் உண்டு என்று சிரித்துக்கொண்டே சொல்கிறார்.

பலரும் தாண்டிப் போகும் 'கிரேஸி லவ், வால்யூம் 2'-ஐத் தாண்ட வேண்டாம். ஃபிரியின் கிட்டார் மணிமணியாக உதிர, குண்டு சார்லி என்ற ஒருவன் எதைப் பற்றியும் தனக்குக் கருத்தில்லை என்று தோளைக் குலுக்கிக்கொண்டு விவாகரத்து மனு போடுகிறான். உன் வாழ்க்கை தீப்பற்றி எரிகிறது, டிவியில் காட்டுகிறார்கள் என்று யாராவது வந்து சொன்னாலும் அவன் அசையமாட்டான். சரணம் முழுக்க வெயில் மாதிரி இசை, அடியில் அந்த விரக்தி. சொல்லும் தாளமும் முகம் திருப்பிக்கொண்டு நடக்கும் இந்த ஆல்பத்தின் வித்தையைப் பார்க்க இதைவிடத் தெளிவான பாட்டு இல்லை.

1987 பிப்ரவரியில் கிராமி விழாவில் ஆண்டின் சிறந்த ஆல்பம், மறு ஆண்டு தலைப்புப் பாட்டுக்குச் சிறந்த ரெக்கார்ட் என்று பரிசுகள் வந்தன. வாங்குகிறவர்களுக்கு: 2004 மறுபதிப்பில் மூன்று கூடுதல் ட்ராக்குகள் உண்டு. அவற்றில் 'ஹோம்லெஸ்' பாடலின் முன்வரைவும் 'டைமண்ட்ஸ்' பாடலின் வேறு வடிவமும், பாட்டு கட்டப்படும் விதத்தைப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு உபயோகம். 2012-இல் வந்த 25-ஆம் ஆண்டுப் பதிப்போடு 'அண்டர் ஆஃப்ரிக்கன் ஸ்கைஸ்' என்ற ஆவணப்படமும் வந்தது. புறக்கணிப்பு விவாதத்தில் எதிர்த்தரப்பின் வாதத்தையும் அதில் நேராகக் கேட்கலாம். 2018 ரீமிக்ஸ் தொகுப்பு வேண்டாம்.  எல்பி தட்டாக வாங்கினால் முதல் பக்கம் 'டைமண்ட்ஸ்' பாட்டில் முடியும், திருப்பிப் போட்டதும் 'ஆல்' தொடங்கும். ஸ்ட்ரீமிங்கில் இந்த இரண்டும் ஒட்டிக்கொண்டு ஓடிவிடுகின்றன. அங்கே ஒரு நிமிடம் நிறுத்திவிட்டு மீதியைக் கேளுங்கள்.